ஆளுக்கு ஒன்பது கிலோ

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு
நானும் தங்கை தமிழ்நிலாவும் முதுகில் பையோடு சுவாமிமலையின் அறுபது படிகளையும் பத்து முறை ஏறி இறங்கினோம். மாயவரத்துக்காரர்களுக்குப் பயிற்சி எடுக்க வேறு மலை ஏது? பூக்கார அம்மா ஒருத்தி, "என்னம்மா வேண்டுதல், இவ்ளோ சுமையோட?" என்று கேட்டேவிட்டாள். "இமயமலைக்குப் போறோம்மா, எட்டு நாள் நடை" என்றாள் நிலா. அந்த அம்மா நம்பவில்லை.

ஆகஸ்ட் 24
அப்பாவின் விதைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டேன். ஆளுக்கு ஒன்பது கிலோ, ஒரு கிராம் கூடக்கூடாது. இது என் சட்டம். பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தேன். சோப்பில் கால்வாசிதான். "அப்படியே என் முடியையும் வெட்டிடேன்" என்றாள் நிலா. சிரிக்கட்டும். நான் மூன்று மலை ஏறியவள், அவளுக்கு இதுதான் முதல்.

ஆகஸ்ட் 31
குளிர் சோதனை. ஏசியைப் பதினாறில் வைத்து ஸ்லீப்பிங் பேக்கில் படுத்துப் பார்த்தோம். நிலாவுக்கு வியர்த்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

செப்டம்பர் 8, ஞாயிறு
என் பை ஒன்பது கிலோ அறுநூறு. காரணம் கேமரா ஸ்டாண்ட். உச்சியில் ஒரு படம் எடுக்காமல் எப்படி? சமையல் கேஸ் டப்பா இரண்டையும் நிலாவின் பைக்கு மாற்றினேன். அவள் பை கூடிவிட்டது. "ஏசியிலயே உனக்கு வேர்த்துச்சு, ஸ்வெட்டர் எதுக்கு?" என்றேன். "நீ சொன்னா சரிக்கா" என்று எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லவில்லை. என் ஸ்வெட்டரை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை. எனக்குச் சளி பிடிக்கிற உடம்பு.

செப்டம்பர் 19, மலையடிவாரம்
மூன்றாம் நாளே இறங்கிவிட்டோம்.

நேற்று மாலை பனிமழை. நிலாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை, பேச்சுக் குழறியது. என் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டேன், போதவில்லை. வேறு துணி தேடி வழிகாட்டி என் பையைத் திறந்தார். கையில் வந்தது ஸ்டாண்ட். அதைத் தரையில் வைத்துவிட்டுத் தன் கோட்டை அவளுக்குப் போர்த்தினார். நிலாவின் கண் திறந்துதான் இருந்தது. பார்த்தாளா?

என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன் — ஒரு போட்டோவுக்காக. கூடப் பொறந்தவளையா?

செப்டம்பர் 25
வீடு. "தங்கச்சிய பத்திரமா கொண்டாந்து சேத்துட்டே, அது போதும்டி" என்று அம்மா என் தலையைத் தடவினாள். "எனக்குத்தாம்மா குளிர் ஒத்துக்கல" என்றாள் நிலா, என்னைப் பார்க்காமல்.

அக்டோபர் 13
இன்றும் சொல்லவில்லை.

2025 மார்ச் 2
நிலா மே மாதம் மறுபடி மலைக்குப் போகிறாளாம், கூட வேலை பார்க்கும் பெண்களோடு. எனக்குச் சொன்னது அம்மா.

மே 9, வெள்ளி
ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் இருவர் மட்டும். இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது. "உன் ஸ்வெட்டர விடச் சொன்னது என் கேமரா ஸ்டாண்டுக்காகத்தான் நிலா" என்றேன்.

"தெரியும்க்கா. அன்னைக்கே பாத்தேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"கோவமா?"

"கீழ எறங்குன அன்னைக்கே சொல்லிருந்தா இருக்காது."

அதற்குள் அவள் சிநேகிதிகள் வந்துவிட்டார்கள். முன்பெல்லாம் யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும், "இவங்க கூட வந்தா எந்த ஊருக்கும் பயமில்லாம போலாம்" என்று சேர்த்துச் சொல்வாள்.

இன்று "எங்க அக்கா" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். நான் வணக்கம் சொன்னேன்.