தடையில்லாமல் ஏறிய மலை

பிப்ரவரி 8, சனி

அலிபிரி வழியாகத் திருப்பதி மலைக்குப் படியேறிவிட்டு இப்போதுதான் வீடு. எனக்குக் கல்யாணம் கூடும்வரை மாதாமாதம் மலையேற்றம், சனிக்கிழமை பட்டினி, மற்ற நாளும் அரைவயிறு. வேண்டிக்கொண்டது அம்மா, ஏறுவதும் பட்டினி கிடப்பதும் நான். நல்ல ஏற்பாடு! இருட்டியதும் பட்டினியை முடிக்க வடையைக் கடித்தால் முன்பல்லில் அறுபடவில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே இல்லை. போன வருஷம் தொட்டதே? வாயைத் திறந்தால் காதோரம் டக்கென்று சத்தம் வேறு.

பிப்ரவரி 19

என் குறட்டை தாங்காமல் தங்கை தரணி பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். "லாரி மேடு ஏறுற மாதிரி கீதுக்கா." இருபத்தாறு வயதில் குறட்டை. வெளியே சொல்ல முடியுமா?

மார்ச் 4

சித்தூர் பல் டாக்டர் தாடையை அறுத்து முன்னால் நகர்த்தி வைக்கலாம் என்கிறார். பெண் பார்க்க வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு அவசரம். கண்ணாடி பார்த்தேன். மோவாய் உள்ளே போயிருக்கிறது. பயமாக இருக்கிறது.

மார்ச் 17

திருப்பதியில் இன்னொரு டாக்டரம்மா. ஸ்கேனைப் பார்த்தவர், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

"அது நின்னு ஒரு வருசமாவுதும்மா. சாமி புண்ணியம். தடையில்லாம மலையேறிக்கினு கீறா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

சாயங்காலமே ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. அரைவயிறும் அலைச்சலுமாக மாதவிலக்குக்கான ஹார்மோன் வற்றிவிட்டதாம். அது குறைந்ததில் தாடை மூட்டின் எலும்பு தேய்கிறது என்கிறார். தாடை பின்னால் சரிய, நாக்கும் கூடவே சரிந்து மூச்சுப் பாதையை நெருக்குகிறது. குறட்டை அதனால்தான். தேய்மானம் நிற்காமல் அறுத்தால் மறுபடியும் சரியுமாம். முதலில் நன்றாகச் சாப்பிட வேண்டும்; பட்டினியும் கூடாது, மலையும் கூடாது.

அம்மாவை மட்டும் சொல்வானேன்? தொல்லை விட்டது என்று நானும்தானே சந்தோஷப்பட்டேன்.

மார்ச் 18

சாமிக்குச் சொன்ன சொல் என்னாவது என்று அம்மா பூஜை அலமாரியைப் பார்த்தே கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். "சாமி கேட்டுச்சா என் தாடைய?" என்று கத்திவிட்டேன். கத்தியதில் தாடைதான் வலித்தது.

சாயங்காலம் தட்டு நிறையச் சோற்றைப் போட்டாள். "உனுக்குப் பதிலா நான் ஏறுறேன். நீ துன்னு."

அவளுக்கு முட்டிவலி. ஆனாலும் ஏறுவாள்.

ஏப்ரல் 26

சனிக்கிழமை. மூன்று வேளையும் தின்றேன். குற்ற உணர்ச்சியோடுதான்.

ஜூலை 22

ஸ்கேனில் புதிதாகத் தேயவில்லை. ஆனால் விலக்கு வரக் காணோம். உடம்பு தானாக ஹார்மோனைச் சுரக்க ஆரம்பித்தால்தான் தாடையை நம்பலாமாம். வருமா?

செப்டம்பர் 6

வந்துவிட்டது! அதுவும் இன்றைக்கு. அம்மா தலைக்குக் குளித்து, மலைக்குப் பையைத் தூக்கிய நேரத்தில்.

மலைக்குப் போகிறவளைத் தீட்டோடு தொடக்கூடாது. கொல்லைக் கதவோரமே நின்று சொன்னேன்.

பையை வைத்துவிட்டு நேராக வந்தாள். என் மோவாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, தீட்டும்மா. மலைக்கு?"

"மலை எங்கியும் போவாது," என்றாள். கையை எடுக்கவில்லை.