பெல்ட் கழற்றிய சனிக்கிழமை

பீர்மேடு,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் சிவசங்கரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஜூடியும் மழையோடு மழையாக நாளை ஓட்டுகிறோம், மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தாலே எனக்குப் போதும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலிருந்து எல்லாம் கேட்டுவிடுகிறார், அதனால்தான் காகிதம்.

சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோன பிறகு, வழிகாட்டும் நாயாக ஜூடி வந்துதான் அவர் தனியாக டீக்கடை வரைக்கும் போகிறார், உனக்குத் தெரியும். அப்பா பிடித்து நடக்கிற அந்தப் பெல்ட் போட்டிருக்கும்வரை அவள் தங்கம். சாயங்காலம் கழற்றினால் லயத்து வீடு இரண்டாகிறது, சோற்றுப் பானையைக் கவிழ்த்தாள், பக்கத்து வீட்டுக் கமலாத்தாளின் சேலையைக் கொடியோடு இழுத்து வந்தாள். போன மாதம் பெல்ட்டோடேயே அப்பாவை இழுத்ததில் அவர் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். அவளைப் பழக்கிக் கொடுத்த ஜின்சன் வந்து பார்த்தார், சின்ன வயசு நாய், நாளெல்லாம் மெதுவாகவே நடக்கிறது, உள்ளே இருக்கிற துடிப்பு எங்கேயாவது இறங்க வேண்டும், சனிக்கிழமை குட்டிக்கானம் மைதானத்தில் கம்பு தாண்டவும் குழாய்க்குள் ஓடவும் விடும் வகுப்புக்குக் கூட்டி வாருங்கள், இரண்டு மாதத்தில் அடங்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே அவர்கள் மலையாளத்தில் சாடு என்றால் தாண்ட வேண்டுமாம், நம் எஸ்டேட்டிலோ ஓடை தாண்டவும் படி இறங்கவும் ஆட்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துவதும் அதே சொல்தான். சாடப் படிச்ச நாயி என்னையும் இழுத்துக்கிட்டு சாடாதா என்ன, என்று கத்தினார். அவர் பயமும் நியாயம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் அவள் போய்விட்டால் அவர் மறுபடி கட்டிலோடு கிடப்பார். ஜூடிக்கு ஊசி போடப் போகிறோம் என்று அப்பாவிடம் பொய் சொல்லி மூன்று சனிக்கிழமை கூட்டிப் போனேன். ஜீப்பிலும் பஸ்ஸிலும் நின்று கால் வீங்கிவிட்டது.

புதன்கிழமை காலை அப்பாவும் ஜூடியும் முன்னால் போக நான் பின்னால் வந்தேன். காலையில் பேர் பதிகிற மஸ்டர் கொட்டகைப் பக்கம் ஓடைமேல் கிடந்த பலகையை மழை அடித்துப் போயிருக்கிறது, கமலாத்தாள் புருஷன் பெரியமுத்து அந்தப் பக்கம் நின்று கொளுந்துக்காரிகளைப் பார்த்து, சாடு, சாடு என்று கத்துகிறார். எனக்கு உயிரே போய்விட்டது. ஜூடி அப்பாவின் காலுக்குக் குறுக்கே நின்றவள் நின்றவள்தான், அசையவில்லை, பெல்ட் கழற்றினால்தான் சாட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா கம்பை நீட்டிப் பார்த்தார், பலகை இல்லை. போன மாதம் இழுத்தவள் இப்படி நிற்கிறாளே என்று அவள் முதுகைத் தடவினார். அப்புறம், எத்தன வாரமாடீ இதுக்கு ஊசி போடுத, என்று கேட்டார். பெரியமுத்து சிரித்தார், நான் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று வகுப்புக்கு அப்பாவும் கூட வந்தார். ஜின்சன் பெல்ட்டைக் கழற்றி அப்பா மடியில் வைத்தார். ஜூடி ஓடுகிற ஓட்டத்தைக் காதால் கேட்டுக்கொண்டே இருந்தார், முகம் தெளிந்திருந்தது. திடீரென்று என் பக்கம் திரும்பி, அதுக்குப் பெல்ட்ட கழத்திட்டாக, ஒனக்கு எப்ப கழத்துறது முருகேஸ்வரி, என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

உனக்கும் நெருக்கடி என்று தெரியும் தாயி. இதுவரை கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். பத்து நாள் லீவு போட்டு வா. நீ அப்பாவோடு இரு. நான் போடியில் சித்தி வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நல்லா இருப்பாய்.

உன் அம்மா,
ஈ. முருகேஸ்வரி