உரக் கொட்டகையில் நின்ற கார்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

வலங்கைமானில் அந்தப் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். விற்பவர் ஆரோக்கியம் சார். இறந்துபோன அவர் மகனுடைய வண்டி.

பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறதா என்று கைக்குட்டை சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒட்டியது; பட்டி இல்லை, தகடுதான். இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனது. வாங்கிவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் கீழே படுத்து, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன். அது உள்ளே போய்விட்டது. இரும்பு அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"ஒரு சொட்டு மழை பட விடல தம்பி. பையன் வண்டியாச்சேன்னு உர மூட்டையோட உள்ளேயே பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார்.

சுற்றிலும் பொட்டாஷ் மூட்டைகள். பொட்டாஷும் ஒரு உப்பு; அதுதான் இரும்பைத் தின்றிருக்கிறது. வெளியே மழையில் நின்றிருந்தால்கூடப் பிழைத்திருக்கும்.

"வீட்ல வேண்டாங்கிறாங்க சார்" என்று பொய் சொல்லி எழுந்தேன். அடுத்து வருகிறவன் கீழே படுத்துப் பார்ப்பானா? தெரியவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் தார்ப்பாயை இழுத்து மூடினார். காற்றில் தூக்காமலிருக்க அதன் ஓரத்தில் ஒரு பொட்டாஷ் மூட்டையை நகர்த்தினார். தனியாக முடியவில்லை. நானும் ஒரு கை பிடித்தேன்.