ஏழு நிமிடம் தட்டு கழுவியவர்

அன்பு மகனே,

இந்த முறை அம்மா இல்லை, அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டும் படியேறுகிறேனே என்று அதற்கும் எனக்குத்தான் திட்டு. நீயும் உன்னோடு இருக்கிற அவரும் அங்கே சுகம்தானே? மூன்று வருடமாக அம்மா உன்னோடு போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து காதை நீட்டிக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. தப்புதான்.

நீ எடுத்த படத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் போட்டுப் பார்த்தோம். அதில் ஒரு கூத்து. மகன் தான் காதலிக்கிற மனிதரை வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறான், அப்பன்காரன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டைக் கழுவுகிறான், யாரும் பேசவில்லை, அசையவில்லை, எனக்கு நெட் நின்றுவிட்டது என்றே தோன்றியது. டிவியை அணைத்துப் போட்டேன், அதே முதுகு. வயரைப் பிடுங்கிச் செருகினேன், மறுபடியும் அதே முதுகு. முப்பது வருடமாக நின்றுபோன லிஃப்டுகளைத் தட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? அம்மா ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு, குழாயில தண்ணி ஓடுது பாருங்க, ஒண்ணும் நிக்கல, பேசாம உக்காருங்க என்றாள். உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் முழுசாக ஏழு நிமிடம். அன்னைக்கு நான் இவ்வளவு நேரமா நின்னேன் என்று கேட்டேன். அவன் குறைச்சுத்தான் காட்டியிருக்கான் என்றாள்.

படம் ரொம்ப நன்றாக இருக்கிறதடா. அந்த அப்பனை நீ வில்லனாக்கியிருக்கலாம், உனக்கு அந்த உரிமை இருந்தது. நீயோ அவன் கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவுவதைக் காட்டியிருக்கிறாய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்புவது என்று தெரியாமல்தான் அன்றைக்கு நின்றேன், அதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, நீ எப்படிக் கண்டுபிடித்தாய்? அப்புறம், அப்பன் விட்டுப்போன தண்ணீர் டம்ளர் மேசை ஓரத்தில் இருக்கிறது, விழுந்துவிடப் போகிறதே என்று அந்த மனிதர் மெதுவாக உள்ளே நகர்த்தி வைக்கிறாரே. அது நிஜமாக நடந்ததா என்று அம்மாவைக் கேட்டேன். நடந்தது என்றாள். அவ்வளவு அவமானத்திலும் என் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அங்கேதான் அழுதுவிட்டேன்.

எங்களோடு பார்த்த உன் அத்தை பாதியில் குறட்டை விட்டுவிட்டு, அருமையான படம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். படத்தில் லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் மட்டும் தப்பு, அடுத்த படத்துக்கு என்னைக் கேட்டுக்கொள். அவருக்கு ஆஸ்பத்திரி வேலை, நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீயும் நேரத்துக்குத் தூங்கு.

லீவு கிடைத்ததும் இருவரும் வந்துவிடுங்கள். டிக்கெட் இரண்டாகப் போடு, மறந்துவிடாதே. நீ மட்டும் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் சேர்ந்து வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
அப்பா