ஏரிக்கரை உடைந்த நாளின் படம்

தை, ஞாயிறு.

நூலகத்தில் எங்கள் ஊர்ப் படக் கண்காட்சி நல்லபடி நடந்தது. வாட்ஸ்அப் குழுவில் நான் கெஞ்சிக் கேட்டதில் வந்தவை பெரும்பாலும் கல்யாணமும் தேரும்தான். காலனி மேரி அக்கா மட்டும், மழையில் ஏரிக்கரை உடைந்தபோது தன் போனில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். அதில் ஊராரும் காலனிக்காரர்களும் ஒரே வரிசையில் நின்று மணல் மூட்டையைக் கைமாற்றுகிறார்கள்.

“என் பேரு மட்டும் வேணாம் கண்ணு. எவனா எதனா சொல்வான்” என்றிருந்தார். பெயரில்லாமல் மாட்டிவிட்டேனே என்று காலையிலிருந்து மனசு உறுத்தியது.

மாலையில் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். ஏரிப் பாசனத்தில் நிறைய நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், “இத்த யாரு எட்த்தது? பேப்பர்காரனா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மேரி அக்காவின் குரல் வந்தது. “நான்தான் எட்த்தேன். மூட்டையும் தூக்கினேன், போட்டோவும் எட்த்தேன்.”

எல்லோரும் திரும்பினார்கள். பெரியவர் படத்தை மறுபடி பார்த்தார். “நல்லா எட்த்துக்கீறம்மா” என்றார்.

அக்கா என்னிடம் வந்து, “இப்ப எழுது” என்றார். படத்தின் கீழே கொட்டை எழுத்தில் ‘எடுத்தவர்: மேரி’ என்று எழுதினேன். அக்கா அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, தன்னைப் படமெடுக்கச் சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார்.

நான் எடுத்த படம் கொஞ்சம் கலங்கிவிட்டது. அசைந்தது நான்தான், அக்கா அசையவே இல்லை.