சரசு என்ற பேர்

புரட்டாதி 12, வியாழன், 2006
வெள்ளவத்தை

சண்டை மூண்டு ஏ9 பாதை பூட்டியதிலிருந்து யாழ்ப்பாணத்தில் அகப்பட்ட மகனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அவனுடைய கைபோனும் வேலை செய்வதில்லை. இன்றைக்கும் பேத்தி தர்சினியைக் கம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினேன். ஈமெயிலில் வெறும் லொத்தர் சீட்டு விளம்பரம்.

"குப்பைப் பெட்டிக்குள்ளயும் பாப்பமே, அம்மம்மா?" என்றாள்.

மகனின் கடிதம் அதற்குள் கிடந்தது. ஒன்பது நாள் பழசு. 'சரசு சின்னம்மா வீட்டில சுகமா இருக்கிறன். அங்க வரக் கப்பலுக்குப் பதிய, கொழும்பு ஆள் எண்டு காட்ட எங்கட பொலிஸ் பதிவு நம்பர் உடன வேணும்.'

சரசு என் தங்கச்சி. பாதை திறந்து பஸ் ஓடின காலத்திலும் என் கணவரின் செத்தவீட்டுக்கு வராதவள். அவள் பேர் உள்ள கடிதமெல்லாம் குப்பைக்குப் போகட்டும் என்று பில்டர் போடவைத்தது நான்தான்.

"பேரே கண்ணில படக்கூடாது எண்டனீங்கள்தானே," என்றாள் தர்சினி.

நம்பரை அனுப்பிவிட்டோம். பில்டரையும் எடுத்தாயிற்று. இன்னும் பதில் இல்லை.

நீ வராததை நான் மறக்கவில்லை. ஆனாலும் சரசு, ஆள்கடத்தல் நடக்கிற நேரம், கப்பல் கிடைக்கும்வரை அவனை வீட்டுப் படலை தாண்ட விடாதே.