இலை லாரியில் முதல் வாரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். மஞ்சூர் பஜார் வரை பனிமூட்டம். இலை லாரியில் முதல் நாள். இத்தனை வருடமும் ஜீப்தான், எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போவது. போன மாதம் லாரி ஓட்டும் லைசென்ஸ் வந்ததும் டீ ஃபேக்டரியில் போய்க் கேட்டேன். "ஒரு வாரம் பழகும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

பழக்குவது பிரகாஷ். அங்கேயே டிரைவர். என்னைவிடச் சின்னவன்.

கிளப்பும் முன் பார்க்க வேண்டியவை: டயர், ஆயில், தண்ணீர், விளக்கு, காற்று. இந்த வண்டியில் பிரேக் பிடிப்பதே காற்றால்தான். காற்று மீட்டரில் முள் பச்சைக்கு ஏறும்வரை நகர்த்தக் கூடாது.

ஸ்டியரிங் எவ்வளவு பெரிது! தோள் இரண்டும் வலி. சந்தோஷம்தான்.

ஜூன் 10, செவ்வாய்

கொஞ்சம் வெயில். இறக்கம் பழகினேன். ஃபேக்டரி பள்ளத்தில் இருப்பதால் லோடோடு எப்போதும் இறக்கம்தான். ஜீப் ஞாபகத்தில் பிரேக்கிலேயே கால்.

"அக்கா, ஓரங்கட்டுங்க. என்ன வாசம்னு பாருங்க."

"ஏதோ கருகற மாதிரி இருக்குதுங்க தம்பி."

"பிரேக்குதானுங்க. சூடேறிட்டா எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது. சின்ன கியர்ல போடுங்க, இஞ்சினே இழுத்துப் பிடிக்கும்."

ஆறும்வரை காத்திருந்தோம். தேயிலைக்குள் ஒரு காட்டெருமை, எங்களையே பார்த்தபடி.

வாங்க: தக்காளி, சமையலறை பல்பு.

ஜூன் 11, புதன்

ரிவர்ஸ். இலை எடை போடும் ஷெட்டுக்குள் பின்பக்கமாக நுழைய வேண்டும். தூணில் உரசல். இலை பறிக்கும் பெண்கள் ஒரே சிரிப்பு. மாரியம்மா கத்தினாள்: "செல்வி, தூணு நவுராதுடீ, நீதான் நவுரோணும்!" நானும் சிரித்துவிட்டேன்.

சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு ஏற வேண்டும், அதில் வெட்கம் கூடாதாம், பிரகாஷ் சொன்னான். இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். கடைசியில் நேராக நுழைந்தது.

தார்ப்பாய் கட்டும் முடிச்சும் இன்றுதான். இழுக்க இழுக்க இறுகும், ஒரே சுண்டில் அவிழும். வீட்டுத் துணிக்கொடியை அதே முடிச்சில் கட்டினேன். வீட்டுக்காரர் இழுத்துப் பார்த்தார். ஈரத் துணியை எடுத்துக் காயப் போட்டார். ஃபேக்டரி மிஷினோடே இருப்பவர், குறை இருந்தால் சொல்லியிருப்பார்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று அசதி, எழுதவில்லை. இன்று நல்ல மழை. எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் லோடு ஏற்றிக் கிளப்பினால் காற்று முள் பச்சைக்குக் கீழேயே நின்றுவிட்டது. சூப்பர்வைசர் குடையோடு ஓடி வந்தார்.

"என்னம்மா நிக்கறே? மூட்டையில இலை சூடேறுது, கெளம்பு!"

"முள்ளு ஏறலீங்க சார்."

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும். பிரகாசு, நீ எடு."

பிரகாஷ் என்னைப் பார்த்தான். சாவி என் கையில். வேலை போனாலும் போகும். ஆனாலும் கொடுக்கவில்லை.

"இந்த வண்டியில நான் மலை இறங்க மாட்டேனுங்க சார். தம்பியையும் விடமாட்டேன்."

வேறு லாரி வந்து இலையை மாற்றி ஏற்றுவதற்குள் சாயங்காலம். அடி மூட்டைகளில் இலை சூட்டில் சிவந்து வீணாகிவிட்டது. சூப்பர்வைசர் என் முகத்தையே பார்க்கவில்லை. மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பின்சக்கரத்துக்குப் போகும் காற்றுக் குழாயில் வெடிப்பு. "வளைவுல அழுத்தி மிதிச்சிருந்தா பிச்சுட்டுப் போயிருக்குமுங்க."

டீக்கடையில் பிரகாஷ் மெதுவாக, "நானா இருந்தா எடுத்துட்டுப் போயிருப்பேனுங்க்கா" என்றான். என் பக்கம் ஒரு வடையை நகர்த்தினான்.

ஜூன் 16, திங்கள்

பளிச்சென்று வெயில். மேனேஜர் கூப்பிட்டார். இலை வீணானதற்கு முதலில் வருத்தப்பட்டார். பிறகு, "இன்னைக்கிருந்து தனியா ஓட்டும்மா."

மதியம் முதல் லோடு. பக்கத்து சீட் காலி. பாதி வழியில் வீட்டுக்காரர், ஷிப்டுக்கு நடந்துகொண்டிருந்தார். கை காட்டினார்.

"ஏனுங்க டிரைவரம்மா, என்னையும் ஏத்திக்குவீங்களா?"

"லோடு வண்டியில வெளியாளை ஏத்தக் கூடாதுங்க."

"நான் வெளியாளா?"

சிரித்துக்கொண்டே தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டார். நான் இரண்டாவது கியரில், வளைவு வளைவாக. எனக்கு முன்பே வந்து ஃபேக்டரி கேட்டைத் திறந்துவிட்டது அவர்தான்.